பெண் பார்க்க வந்த சுற்றுலாப் பயணி

மலேசியாவின் மாராங் கடற்கரையில் மீன் கெரொப்போக் பொரித்து விற்கும் ஸைத்தூன், ஐம்பத்து நாலு வயதில், முக்காட்டின் மேல் ஓலைத் தொப்பியும் மீன் சந்தையில் வாங்கிய கறுப்புக் கண்ணாடியுமாக, ஜொகூரிலிருந்து வந்த ஓய்வுபெற்ற வாத்தியார்கள் முப்பது பேரோடு கைவினை மையத்தின் வாசலில் நின்றாள். எல்லோர் மார்பிலும் இருந்த மஞ்சள் ஸ்டிக்கர் அவள் மார்பிலும் இருந்தது. ஆறாம் வகுப்போடு படிப்பை ஏறக்கட்டியவள் அன்று ஒருநாள் டீச்சர் ஆகியிருந்தாள். மையம் அவள் வீட்டிலிருந்து அரைமணி நேர பஸ் தூரம்தான். ஆனாலும் உள்ளே கால் வைப்பது இதுதான் முதல் தடவை. உள்ளூர்க்காரன் எவன் அங்கே போவான்? தன் வீட்டில் கிடக்கிற பாயையும் கூடையையும் கண்ணாடிப் பெட்டிக்குள் போய்ப் பார்க்க அவனுக்கென்ன தலையெழுத்தா?

ஸைத்தூன் வந்தது பெண் பார்க்க. எங்கள் பக்கத்தில் அதற்கு இரண்டு தவணை உண்டு. வெற்றிலைத் தட்டோடு முறையாகப் போய்க் கேட்பது இரண்டாவது. அதற்கு முன்னால் மாப்பிள்ளை வீட்டுப் பொம்பளை ஒருத்தி, வேறு ஏதோ காரியமாகப் போகிறவள் மாதிரிப் போய், பெண்ணுக்கே தெரியாமல் நோட்டம் விட்டுவிட்டு வரவேண்டும். ஸைத்தூனையும் அப்படித்தான் பார்த்தார்கள். தேங்காய்த் துருவி இரவல் கேட்டு வந்த மெரியாம், அடுப்படி வரை போய்ச் சட்டி பானையெல்லாம் பார்த்து முடித்து, துருவியை மறந்துவிட்டுப் போனாள். செத்துப்போன புருஷனின் மூத்த அக்காவான, அதனால் ஸைத்தூன் காக் லோங் என்று கூப்பிடுகிற அந்த மெரியாம்தான் இன்றும் பக்கத்தில் நின்றாள். அறுபத்தெட்டு வயது. பதினாலு பெண்களை நோட்டம் விட்டு ஒன்பதைக் கழித்தவள் என்ற பெருமை அவளுக்கு. தொப்பியும் கண்ணாடியும் அவள் யோசனை. வாத்தியார்களின் பஸ்ஸை ஓட்டி வந்தவன் அவள் மருமகன்.

"காக் லோங், திரும்பிப் போயிடலாமா?" என்றாள் ஸைத்தூன்.

"இவ்வளவு தூரம் வந்துட்டுத் திரும்பறதாவது. வாயை மட்டும் திறந்துடாதே. யாராவது கேட்டா ஜொகூர்னு சொல்லு."

வந்ததற்குக் காரணம் ஷுக்ரி. ஒரே பிள்ளை, படகு எஞ்சின் மெக்கானிக், இருபத்தொன்பது வயது. ரம்ஜான் முடிந்த கையோடு, "மா, நான் ரைஹானைக் கட்டிக்கப்போறேன்" என்று வந்து நின்றான். ரைஹான் இந்த மையத்தில், துணியில் மெழுகால் பூவரைந்து சாயமேற்றும் பாத்திக் வேலை சொல்லிக் கொடுப்பவள். அவனைவிட மூன்று வயது மூத்தவள். புருஷன் தலாக் சொல்லிவிட்டுப் போய்விட்டான். ஆறு வயதில் ஒரு பெண்குழந்தை. புருஷன் செத்தாலும் சரி, விட்டுவிட்டுப் போனாலும் சரி, இங்கே பெண்ணுக்கு ஒரே பெயர்தான்: ஜண்டா. அந்தப் பெயரை இருபத்துமூன்று வருஷமாகச் சுமப்பவள் ஸைத்தூன். அதனாலேயே அது தன் வீட்டு வாசலில் இன்னொரு தடவை ஏறக்கூடாது என்று பிடிவாதம். வருகிற மருமகள் ஊரான் முன்னால் நின்று பல்லைக் காட்டுகிற வேலையும் பார்க்கக்கூடாது, கெரொப்போக் கடையில் தன் பக்கத்தில் உட்கார வேண்டும் என்பது இரண்டாவது பிடிவாதம். இரண்டு மாதம் வீட்டில் சட்டி பானைதான் பேசியது. கடைசியில் போன சனிக்கிழமை ஷுக்ரி சொல்லிவிட்டான். "வியாழக்கிழமைக்குள்ளே ஒரு வார்த்தை சொல்லுங்க. இல்லேன்னா பிந்துலு கப்பல் பட்டறையிலே வேலை தயாரா இருக்கு, போயிடுவேன்."

பிந்துலு கடலுக்கு அந்தப் பக்கம். கடலைத் தாண்டிப் போன ஆண் திரும்பி வருவான் என்று நம்புகிற மனசு ஸைத்தூனுக்கு அவள் முப்பத்தோராவது வயதிலேயே போய்விட்டது. அன்று செவ்வாய்க்கிழமை. இரண்டே நாள். அதற்குள் அந்தப் பெண்ணிடம் ஒரு குறை கண்டுபிடித்து மகன் முன்னால் போட்டுவிட்டால் போதும், அவனே மனசு மாறிவிடுவான் என்பது அவள் கணக்கு. குறைக்கு ஒரு துரும்பும் கிடைத்திருந்தது. சாயங்காலம் யாரோ ஓர் ஆள் ரைஹானைக் காரில் கொண்டுவந்து வீட்டு முக்கில் இறக்கிவிடுகிறானாம். சந்தையில் கேட்ட பேச்சு. ஆபீசில் விசாரித்தால் உண்மை தெரிந்துவிடும் என்று மெரியாமிடம் சொன்னவள் ஸைத்தூன்தான். பின்னால் நடந்ததைப் பார்க்கும்போது இதை மறந்துவிடக்கூடாது. கேள்வி அவளுடையது. மெரியாம் அதைச் சுமந்து போனவள், அவ்வளவுதான்.

முதல் கூடத்தில் தறி. ஜரிகைத் துணி நெய்துகொண்டிருந்த தடித்த பெண்ணிடம் வாத்தியாரம்மா ஒருத்தி, "ஏம்மா, இன்னைக்கு எல்லாரும் உம்முன்னு இருக்கீங்க?" என்று கேட்டாள்.

"இன்னைக்கு மேனேஜர் லிஸ்ட் எழுதறாரு டீச்சர். அடுத்த வருஷத்துக்கு யார் யார் இருக்கணும்னு. எங்க எட்டு பேர்ல ரெண்டு பேருக்குச் சீட்டு கிழியப்போகுது. மத்தியானத்துக்குள்ளே தெரிஞ்சிடும்."

வாத்தியாரம்மா உச்சுக் கொட்டினாள். ஸைத்தூன் காதிலும் அது விழுந்தது. ஆனால் அவளுக்கு அப்போது தறியும் தெரியவில்லை, லிஸ்டும் ஒட்டவில்லை. அடுத்த கூடத்திலிருந்து மெழுகு காயும் வாசனை வந்துகொண்டிருந்தது.

இருபத்துமூன்று வருஷம் கழித்து அந்த வாசனை. மெழுகும் குங்கிலியமும் சேர்ந்து உருகுகிற வாசனை. பதினாறு வயதில் ஒரு பாத்திக் பட்டறையில் சேர்ந்தாள் ஸைத்தூன். பதினைந்து வருஷம் மெழுகில் பூப்போட்டாள். அவள் போட்ட செம்பருத்தி என்றால் துணி வியாபாரிகள் தனியாக எடுத்து வைப்பார்கள். கல்யாணம் ஆகி, பிள்ளை பெற்று, பிள்ளையைத் தூளியில் போட்டுக்கொண்டே வேலை பார்த்தாள். மழைக்கால அலையில் புருஷனின் படகு போன பிறகு ஒரு மாதம்கூட அவளால் அங்கே இருக்க முடியவில்லை. அதன் பிறகு மீனை அரைத்து மாவில் பிசைகிற வேலைதான். ஊருக்கு அவள் கெரொப்போக் தூன். பட்டறைத் தூன் ஒருத்தி இருந்தாள் என்பது மகனுக்கே சரியாகத் தெரியாது.

பாத்திக் கூடத்தில் நீள மேஜைகள், சட்டத்தில் இழுத்துக் கட்டின வெள்ளைத் துணிகள், சின்னச் சின்ன அடுப்பில் மெழுகு. நடுவில் ரைஹான். ஷுக்ரியின் போனில் பார்த்ததைவிட ஒல்லி, நல்ல உயரம். மெழுகு சொட்டின ஏப்ரன், சந்தையில் நின்று பேசுகிற மாதிரிக் குரல்.

"வாங்க வாங்க, ஆளுக்கொரு துணி. கோட்டை விட்டுராதீங்க. மெழுகுக் கோடு ஓரிடத்திலே விட்டுப்போனாலும் சாயம் அடுத்த வீட்டுக்குப் போயிடும். அப்புறம் சண்டைதான்."

வாத்தியார்கள் சிரித்தார்கள். கூட்டத்தில் ஒரு வழுக்கைத் தலை வாத்தியார், வயசை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்தவர், அவள் பக்கமாக நகர்ந்து நின்றார். "இவ்வளவு அழகா சொல்லிக் குடுக்கறியே, உன் புருஷன் குடுத்து வச்சவன்" என்றபடி, பேனாவை வாங்குகிற சாக்கில் அவள் கைக்குக் கை நீட்டினார்.

ரைஹான் கலகலவென்று சிரித்தாள். "வாத்தியாரே, மெழுகு கொதிக்குது, கையைப் பாத்து வைங்க. போன வாரம் ஒருத்தர் இப்படித்தான் பேச்சு சுவாரசியத்திலே விரலை உள்ளே விட்டுட்டாரு. ஆம்புலன்ஸ் வரதுக்கு லேட்டாச்சு."

வழுக்கைத் தலையின் கை தானாகப் பின்வாங்கியது. மற்றவர்கள் அவரைக் கேலி செய்தார்கள். மெரியாம் ஸைத்தூனின் விலாவில் இடித்தாள்.

"பாத்தியா? ஆம்பளைங்க கிட்ட எப்படிச் சிரிக்கிறா பாத்தியா? இது போதும்டி எனக்கு. பத்தாவது இவதான்."

அந்தச் சிரிப்பு ஸைத்தூனுக்குத் தெரியும். வேலையும் போகக்கூடாது, கையும் மேலே படக்கூடாது என்கிறபோது பெண்கள் சிரிக்கிற சிரிப்பு அது. பட்டறை முதலாளியின் தம்பியிடம், சாயக்காரனிடம், வியாபாரியிடம் என்று பதினைந்து வருஷம் அவளும் அதே சிரிப்பைச் சிரித்திருக்கிறாள். குறை தேடி வந்த இடத்தில் தன் சிரிப்பையே பார்த்தது அவளுக்கு எரிச்சலாக இருந்தது. யாரிடம் எரிச்சல் என்று தெரியாததால் மெரியாம் மேலேயே எரிந்து விழுந்தாள். "சும்மா இருங்க காக் லோங்."

"நான் ஏன் சும்மா இருக்கேன்? நீ துணியிலே கிறுக்கிட்டு இரு. நான் ஆபீசுக்குப் போய் அந்தக் கார் விஷயத்தைக் கேட்டுட்டு வந்துடறேன். கேட்கட்டுமா வேண்டாமா, அதைச் சொல்லு."

ஸைத்தூன் தலையை ஆட்டினாள். ஆமாம் என்றுதான் ஆட்டினாள்.

மெரியாம் போனதும் ரைஹான் மேஜை மேஜையாக வந்து, கடைசியில் அவளிடம் வந்தாள். பெரியம்மா என்பது போல மாக் சிக் என்று கூப்பிட்டு, செப்பு மூக்கு வைத்த மெழுகுப் பேனாவைக் கையில் கொடுத்தாள். "மாக் சிக், பென்சில் பிடிக்கிற மாதிரிப் பிடிங்க. பயப்படாதீங்க."

ஸைத்தூன் பேனாவை அகப்பை பிடிப்பது போலப் பிடித்தாள். வேண்டுமென்றேதான். ஒரு கோடு இழுத்தாள், புழு நெளிந்த மாதிரி இருந்தது. நிம்மதியாக இருந்தது. இரண்டாவது கோடு போகிறபோது பேனா மூக்கு அடைத்துக்கொண்டது. அடைத்தால் என்ன செய்வது என்று தலை யோசிப்பதற்குள் வாய் குவிந்து, மூக்கில் ஒரு ஊது ஊதி, விரல்கள் பிடியை மாற்றி, துணியில் ஒரு செம்பருத்தி இதழ் விழுந்துவிட்டது. ஒரே இழுப்பு. அதோடு நிறுத்தியிருக்கலாம். துணியின் ஓரத்தைத் தூக்கிப் பின்பக்கம் எட்டிப் பார்த்தாள்.

நிமிர்ந்தபோது ரைஹான் எதிரிலேயே நின்றாள்.

"மாக் சிக் எந்த ஊரு?"

"ஜொகூர்."

"ஜொகூர்ல எங்க?"

"கடலோரம்."

"என்ன பாடம் சொல்லிக் குடுத்தீங்க?"

"எல்லாப் பாடமும்."

ரைஹான் குரலைத் தாழ்த்தினாள். "பின்பக்கம் மெழுகு இறங்கிச்சான்னு திருப்பிப் பாத்தீங்களே. இங்க வாரத்துக்கு நானூறு பேர் வந்து கிறுக்கிட்டுப் போறாங்க. ஒருத்தரும் திருப்பிப் பாத்ததில்ல. எங்க ஆளுங்கதான் திருப்பிப் பாப்பாங்க. எந்தப் பட்டறையிலே இருந்தீங்க?"

ஸைத்தூனுக்கு மாட்டிக்கொண்டோம் என்ற பயம் ஒருபக்கம். தன் கையை ஒருத்தி அடையாளம் கண்டுகொண்டாள் என்ற சந்தோஷம் இன்னொரு பக்கம், வெட்கமே இல்லாமல். இத்தனை வருஷத்தில் யாரும் கேட்காத கேள்வி. "ஒண்ணு இருந்துச்சு" என்றாள். "இப்ப இல்ல. பதினஞ்சு வருஷம் போட்டேன்."

"இந்தக் கையை வச்சுகிட்டு ஏன் விட்டீங்க?"

"நான் எங்க விட்டேன்? விட வச்சாங்க. என் புருஷன் தவறி ஒரு மாசம்கூட ஆகல. யாரோ ஒரு பொம்பளை முதலாளிகிட்ட வந்தா. சண்டையில்ல, புகாரில்ல. ஒரே ஒரு கேள்வி கேட்டுட்டுப் போனா. மறுநாள் முதலாளி என்னைப் பாக்கவே இல்ல. அதுக்கு அடுத்த நாள், உனக்கு வேலை இல்ல, ஊர் ஒரு மாதிரியாப் பேசுதுன்னுட்டாரு."

"அப்படி என்ன கேள்வி?"

"அந்த ஜண்டா சாயங்காலம் யாரோட வீட்டுக்குப் போறான்னு..."

சொல்லி முடிக்கும்போது ஸைத்தூனின் வாய் அப்படியே நின்றது. தறிக்காரி சொன்ன லிஸ்ட் அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. மத்தியானத்துக்குள்ளே. கூடத்தின் கோடியில் ஆபீஸ் அறைக்குக் கண்ணாடிச் சுவர். அதற்குள் மெரியாம் மேஜைக்கு முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டிருந்தாள். மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்த ஆளின் கையில் பேனா.

ஸைத்தூன் எழுந்தாள். எழுந்த வேகத்தில் அடுப்பு ஆடி, மெழுகு அவள் துணியிலும் பக்கத்து வாத்தியாரம்மா போட்டிருந்த மீன் மேலும் கொட்டியது. "மாக் சிக், சுட்டுடும்!" என்று ரைஹான் கத்தினாள். ஸைத்தூன் திரும்பவில்லை. கையில் பேனா இருந்ததையும் மறந்துவிட்டாள். மெழுகு சொட்டச் சொட்ட, மேஜைகளுக்கு நடுவில், வாத்தியார்களின் முழங்கைகளை இடித்துக்கொண்டு ஓடினாள். ஐம்பத்து நாலு வயது முழங்கால் அவ்வளவு வேகமாக அதற்கு முன் ஓடியது, படகு வரவில்லை என்று கரைக்கு ஓடிய அன்றுதான்.

கதவைத் தள்ளியபோது மெரியாம் கேட்டு முடித்திருந்தாள்.

மேனேஜர் ரம்லி கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்தால்கூட முகத்துக்கு நேரே நின்று சண்டை போடலாம். அவர் புகாருக்குப் பயந்தவர். யாராவது ஏதாவது சொன்னால் உடனே குறித்துக்கொள்வதற்காகவே இரண்டு பேனா வைத்திருக்கிற ஆள். "அப்படியா" என்று சொல்லிக்கொண்டிருந்தார். "ஜொகூர் வரைக்கும் பேச்சு வந்திருக்கா? ஒரு கார், ஒரு ஆம்பளை, தினமும்... இதை நான் பாக்காம விட முடியாதே." மேஜைமேல் காகிதம். எட்டுப் பெயர். ஒரு பெயருக்குப் பக்கத்தில் பேனா முனை வந்து நின்றிருந்தது.

"அது என் பையன்!" என்றாள் ஸைத்தூன்.

ரம்லி நிமிர்ந்தார். மெரியாம் வாயைப் பிளந்தாள்.

"காருல கொண்டு விடுறது என் பையன். ஷுக்ரி. நாங்க ஜொகூரும் இல்ல, டீச்சரும் இல்ல. மாராங்." தொப்பியைப் பிடுங்கினாள். கண்ணாடியைக் கழற்றினாள். "கெரொப்போக் தூன்னு கேட்டுப் பாருங்க, தெரியும். இவங்க என் நாத்தனார். நாங்க பொண்ணு பாக்க வந்தவங்க. அதனாலதான் விசாரிச்சாங்க. வேற ஒண்ணும் இல்ல என்சிக், வேற ஒரு எழுத்தும் இல்ல."

பொய். காரில் வருகிறவன் யாரென்று அவளுக்கு இந்த நிமிஷம் வரை தெரியாது. வேறு எவனோவாக இருந்தால்? இருந்துவிட்டுப் போகட்டும் என்று நினைத்தாள். காலையில் பஸ் ஏறும்போது அதைத்தான் வேண்டி வந்தாள் என்பதை நினைக்க அவளுக்கே அருவருப்பாக இருந்தது.

ரம்லியின் முகத்தில் வெளிச்சம் வந்தது. "அட, கெரொப்போக் தூனா? எங்க வீட்டிலே உங்க கடைதான்! பொண்ணு பாக்கவா? முதல்லயே சொல்லக்கூடாதா? நானும் என்னமோன்னு பயந்துட்டேன்." சிரித்தபடி நாற்காலியில் சாய்ந்தார். பிறகு அவருக்கு இன்னும் நல்ல யோசனை ஒன்று வந்தது. "அப்போ சௌகரியமாப் போச்சு. கல்யாணம் ஆனா ரைஹான் எப்படியும் வேலையை விட்டுடுவா. யாரை எடுக்கறது, யாரை விடறதுன்னு ராத்திரியெல்லாம் எனக்குத் தூக்கம் இல்ல. இந்தப் பேரை நானே சந்தோஷமா அடிச்சுடறேன்." பேனா திரும்பக் காகிதத்துக்குப் போனது.

"அடிக்காதீங்க!"

"ஏன்?"

"அவ வேலையை விடமாட்டா."

"கல்யாணத்துக்கு முன்னாடி எல்லா மாமியாரும் அப்படித்தான் சொல்றாங்க. எனக்குத் தெரியாதா? ஆறு மாசத்திலே, வீட்டிலே ஆளில்ல, கடைக்கு ஆளில்லன்னு வந்து நிப்பீங்க. அப்ப நான் ஆளுக்கு எங்க போவேன்?"

ரம்லி கேட்டது நியாயம். அதுதான் அவளைச் சுட்டது. இரண்டு மாதமாக மகனிடம் அவள் சண்டை போட்டதே அந்த ஆளில்லாத கடைக்காகத்தான். மெரியாமுக்கும் அது தெரியும். மெரியாம் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள், இப்போது என்ன சொல்லப்போகிறாய் என்று.

"என் கடைக்கு நான் போதும்" என்றாள் ஸைத்தூன். "நான் வந்து நிக்கமாட்டேன். யாரும் அவளை இங்கேருந்து கூப்பிட மாட்டாங்க. வேணும்னா எழுதிக்குங்க, நான் கையெழுத்துப் போடறேன். என்சிக், அந்தப் பொண்ணு கை நல்ல கை. நான் பதினஞ்சு வருஷம் மெழுகு போட்டவ, எனக்குத் தெரியும்."

ரம்லி கொஞ்ச நேரம் பேனாவை உருட்டினார். ரைஹானின் பெயருக்குப் பக்கத்தில் ஒரு சரி போட்டு, காகிதத்தைக் கவிழ்த்து வைத்தார். "சரி. இருக்கட்டும். ஆனா பாத்திக் பேனாவை ஆபீசுக்குள்ளே கொண்டு வராதீங்க, தரையெல்லாம் மெழுகு" என்றார்.

திரும்பியபோது வாசலில் ரைஹான் நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாளோ தெரியவில்லை. முகம் கல்லாக இருந்தது. ஸைத்தூன் கையிலிருந்த பேனாவை வாங்கிக்கொண்டு, வராந்தாவின் கோடிக்கு நடந்தாள். ஸைத்தூன் பின்னால் போனாள்.

"ஷுக்ரியோட அம்மாவா?"

"ஆமாம்மா."

"கார் பக்கத்து வீட்டுப் பெரியவரோடது. முன்சீட்டிலே அவரு பொண்டாட்டி இருப்பாங்க, பின்சீட்டிலே என்னோட இன்னும் ரெண்டு பேர். உங்க பையன் ஒருநாள்கூட என்னைக் கொண்டு விட்டதில்ல. ஒரு வருஷமாப் பழகறாரு, இந்த கேட் பக்கம் வந்ததில்ல. மூணு தெரு தள்ளி, கடை மறைவிலே நின்னு போன் பண்ணுவாரு. யாராவது பாத்து உங்களுக்குச் சொல்லிடுவாங்கன்னு பயம்."

"என் பையன் பயந்தவன் இல்ல. நடுக்கடல்லே..."

"கடலுக்குப் பயப்படமாட்டாரு. தெரியும்."

ஸைத்தூனுக்கு முகத்தில் அறைந்தது போல இருந்தது. அறை நியாயமான அறை என்பதால் கன்னத்தைத் தடவிக்கொள்ளக்கூட முடியவில்லை. "நான்தான் அந்தக் கேள்வியைக் கேக்கச் சொன்னேன்" என்றாள். "காக் லோங் மேல தப்பில்ல. உன் வேலையே போயிருக்கும். என்னை மன்னிச்சிடும்மா. உன்னைக் கேக்காம உள்ளே கல்யாணம்னு வேற சொல்லிட்டேன்."

"ஆமா. ஊரைக் கேட்டாச்சு, மேனேஜரைக் கேட்டாச்சு. என்னைத்தான் இன்னும் யாரும் கேக்கல."

"இப்பக் கேக்கட்டுமா?"

ரைஹான் அவள் மார்பில் இருந்த மஞ்சள் ஸ்டிக்கரைப் பார்த்தாள். "ஜொகூர் டீச்சருக்கு நான் எதுக்குப் பதில் சொல்லணும்? எனக்கு வேலை இருக்கு மாக் சிக். நீங்க கொட்டின மெழுகையெல்லாம் நான்தான் சுரண்டணும்." போய்விட்டாள்.

பஸ் நிறுத்துகிற இடத்தில், மரத்தடியில், மெரியாம் பிடித்துக்கொண்டாள். "ஏண்டி, புத்தி கெட்டுப் போச்சா உனக்கு? கேக்கப் போன என்னைப் பொய்க்காரி ஆக்கிட்டே. சரி, நோட்டம் விட்டாச்சு. பிடிச்சிருந்தா வெத்தலைத் தட்டோட, நாலு பெரியவங்களோட அவ வீட்டுக்குப் போவோம். முறைன்னு ஒண்ணு இருக்குல்ல?"

"மறைஞ்சு வந்து பாத்ததெல்லாம் போதும் காக் லோங். அந்த முறையிலே இன்னைக்கு ஒருத்தி சோத்திலே மண்ணு விழப் பாத்துது." ஸைத்தூன் ஸ்டிக்கரைப் பிய்த்துப் போட்டுவிட்டு மகனுக்குப் போன் போட்டாள். எடுத்ததும் பின்னால் எஞ்சின் சத்தம்.

"ஷுக்ரி, அந்த கைவினை மையத்துக்கு வா. அஞ்சு மணிக்கு வேலை முடிஞ்சு எல்லாரும் வெளியே வருவாங்க. கேட்டுக்கு நேரா நிக்கணும். கடை மறைவிலே இல்ல."

எஞ்சின் சத்தம் நின்றது. "மா... நீங்க எங்க இருக்கீங்க?"

"கேட்டிலேதான்."

ஐந்து மணிக்குக் கேட்டுக்கு வெளியே மூன்று பேர் நின்றார்கள். ஷுக்ரி கிரீஸ் படிந்த சட்டையோடு, கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றான். அம்மாவின் முகத்தைப் பார்ப்பதும் கேட்டைப் பார்ப்பதுமாக இருந்தான். மெரியாம் மூக்கு வரை முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, தான் இந்தக் கூட்டத்தில் இல்லை என்பது போல ரோட்டைப் பார்த்தாள். தறிக்காரியும் மற்றவர்களும் வெளியே வந்தார்கள். ஆளைப் பார்த்ததும் நடை தளர்ந்து, ஒருவரை ஒருவர் கிள்ளிக்கொண்டு அங்கேயே நின்றுவிட்டார்கள். ரம்லி கார் கதவைத் திறந்தவர் உள்ளே ஏறவில்லை.

ரைஹான் கடைசியாக வந்து, கேட்டுக்கு உள்ளேயே நின்றாள். ஷுக்ரியைப் பார்த்தாள். "வழி தெரிஞ்சுதா?" என்றாள். அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

அப்புறம் ஸைத்தூன் பக்கம் திரும்பினாள். "இப்பக் கேளுங்க மாக் சிக். எல்லாருக்கும் கேக்கற மாதிரி."

கடற்கரையில் கூவிக் கூவிக் கெரொப்போக் விற்ற தொண்டை ஸைத்தூனுடையது. ஆனாலும் முதல் தடவை அது கேட்டைத் தாண்டவில்லை. மறுபடியும் ஆரம்பித்தாள்.

"ரைஹான், நானும் ஜண்டாதான். உன்னைப் பாக்க வேஷம் போட்டு வந்தது என் தப்பு. எங்க வீட்டுக்கு மருமகளா வர்றியா? இந்த வேலையை விட வேணாம். உன் பொண்ணும் நம்ம வீட்டிலே வளரட்டும். உனக்கு இஷ்டம் இல்லேன்னா அதையும் இங்கேயே சொல்லு, கேட்டுட்டுப் போறேன்."

ரைஹானின் கண் கலங்கியிருந்தது, ஆனால் அவள் இளகவில்லை. ஷுக்ரியிடம் திரும்பினாள்.

"உங்கம்மா கேட்டுட்டாங்க. நீங்க எப்பக் கேக்கப் போறீங்க?"

வழக்கம்போல ஷுக்ரி அம்மாவின் முகத்தைத் தேடினான். ஸைத்தூன் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள். அவன் ஒரு நிமிஷம் தவித்தான். அப்புறம் அம்மாவைத் தாண்டி, கேட்டைத் தாண்டி, உள்ளே ரைஹானிடம் போனான். தோளோடு தோள் உரச அவன் தாண்டிப் போனபோது ஸைத்தூனுக்கு நெஞ்சில் சுருக்கென்று வலித்தது. வலியோடு ஒரு எட்டு நகர்ந்து அவனுக்கு வழிவிட்டாள்.